எதிர்க்கரையில் கலங்கல்

படுவான்கரை
02.10.1997

மச்சானுக்கு,

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீங்கள் சுகமாக இருப்பதாக மருத்துவிச்சி புஸ்பம் சொல்லிவிட்டாள். கிழமைக்கு ஒருதரம் அவள் பாதைப் படகில் வாவியைக் கடந்து போய்வருகிறாள். கேட்காமலே எல்லாம் சொல்லுவாள். சித்திரையிலிருந்து ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். தண்ணீர்தான் காரணம்.

போன கிழமை இந்த மாரியின் முதல் மழை பெய்தது. விடிந்ததும் வழக்கம்போல எங்கள் துறையில் இறால் தடவ இறங்கினோம். முழங்கால் தண்ணீர், தேத்தண்ணி நிறம். மேலே வெள்ளையாக ஒரு ஆடை மிதந்தது. காலைத் தூக்கினால் கணுக்கால் வரை சேறு வழுக்கியது. பிடிபட்ட இறால்களும் பாதி செத்தவை, செவுளெல்லாம் மண். மத்தியானத்துக்குள் எல்லாப் பெண்களுக்கும் விரலிடுக்கு எரியத் தொடங்கிவிட்டது.

என் தம்பி பெண்சாதி அன்னப்பூரணி இருக்கிறாளே, அவள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். "மச்சாள், இது உங்கட புரிசன் கட்டுற ஆசுபத்திரித் தண்ணி. அவருக்கு உங்களோட கோவமெண்டா உங்களோட வெச்சிக்கொள்ளட்டும். எங்கட இறாலோட என்ன?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு கரையேறிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் முகம் எரிந்தது.

முப்பது வருடம் நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்தவர் நீங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்குத் தெரியாதா?

பதில் எழுத வேண்டும் என்றில்லை. தண்ணீரை நிறுத்தினால் போதும்.

சீதேவிப்பிள்ளை


எழுவான்கரை
07.10.1997

அன்புள்ள சீதேவிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் உறையைப் பிரிக்கத் துணிவு வரவில்லை. மத்தியானம் வரை சட்டைப் பையில் வைத்திருந்தேன். பிரித்தபோது அது தண்ணீரைப் பற்றியது என்று கண்டு ஆறுதலாகவும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது.

நீ சொன்னது சரி. அது எங்கள் தண்ணீர்தான். உன் கடிதம் கிடைத்த அன்று பின்னேரம் மழை பெய்தது. குடையைப் பிடித்துக்கொண்டு வளவு முழுவதும் சுற்றிப் பார்த்தேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

ஆசுபத்திரியின் மகப்பேற்று விடுதிக்கு எடுத்த நிலம் வாவியை நோக்கிச் சரிவு. கொந்திராத்துக்காரர் அருமைநாயகம் கட்டடம் வரும் இடத்தை மட்டும் வெட்டாமல் பற்றை முழுவதையும் ஒரேயடியாக வெட்டிவிட்டார். இப்போது மண்ணைப் பிடிக்க ஒரு வேர் இல்லை. அத்திவாரத்தில் தோண்டிய மண்ணைக் கரையோரமாகவே குவித்திருக்கிறார்கள். தெருவிலிருந்து ஓடிவரும் மழைத் தண்ணீரும் எங்கள் வளவுக்குள் புகுந்து, போகும்போது அந்தக் குவியலையும் கரைத்துக்கொண்டு போகிறது. வெள்ளை ஆடை என்று நீ எழுதியது சீமெந்து. கலவைத் தட்டுகளையும் வாளிகளையும் வாவிக்கு ஓடும் கானில் கழுவுகிறார்கள். சீமெந்துத் தண்ணீர் காரம். விரலை அதுதான் தின்றிருக்கிறது. மழை பெய்த மறுநாள் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்று பெண்களுக்குச் சொல். தேங்காய் எண்ணெய் பூசு.

தலைமை மேசன் ஏறாவூர் அசனாரிடம் கதைத்தேன். "ஓவசியர் ஐயா, மழைக்கும் பிளான் கீறப் போறீங்களா?" என்று கேட்டார். ஆனால் அன்றைக்கே கரையிலிருந்து தள்ளிக் கழுவுகுழி ஒன்று வெட்டித் தந்துவிட்டார். தெருப் பக்கத்தில் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி வெளித் தண்ணீரைத் திருப்பியிருக்கிறேன். மண்குவியலைத் தென்னங்கிடுகால் மூடியாயிற்று. கரையோரம் தண்ணீரை மறித்துத் தெளியவிட வேண்டும். அதற்கு மண்மூட்டை வரிசை ஒன்று அடுக்கப் போகிறேன்.

இதெல்லாம் சரிதானா என்று தெரியவில்லை. திணைக்களத்தில் எனக்கு மேலே கையெழுத்துப் போட எப்போதும் ஒருவர் இருந்தார்.

கூரை ஒழுகுகிறதா? வடக்கு மூலை ஓட்டைப் பார்க்கச் சொல். வீடு உன்னுடையது. நீ சொன்ன சொல்லை நான் மீறவில்லை என்பது உனக்குத் தெரியும்.

கோணாமலை


படுவான்கரை
15.10.1997

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். சேறு இருந்தது, சரிவு இருந்தது, சீமெந்து இருந்தது. யாரோ ஒரு எஞ்சினியருக்கு வந்த கடிதம் தவறி எனக்கு வந்ததோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். கடைசியில்தான் கூரையும் சொல்லும் வந்தது.

அப்படி நான் என்னதான் சொன்னேன்? இளைப்பாறினால் வீட்டோடு இருப்பேன் என்று வேலையிலிருந்த காலமெல்லாம் சொன்னீர்கள். இளைப்பாறி வந்து வேலிகூட ஒழுங்காகக் கட்டி முடியவில்லை. புஸ்பம் வந்து, "ஓவசியர் ஐயா இல்லாட்டி இந்த ஆசுபத்திரி எழும்பாது" என்றாள். அன்று பின்னேரமே கட்டட வேலையை மேற்பார்க்கப் பெட்டி கட்டிவிட்டீர்கள். "இது எங்கட அம்மா எனக்குத் தந்த ஊடு. போறதெண்டாப் போங்க. மறுகா இந்தக் கடப்படியில காலெடுத்து வைக்காதீங்க" என்றேன்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். அதனால் இந்த வார்த்தை எந்தப் பெண்ணின் வாயிலும் இருக்கும். அன்னப்பூரணி மாதத்துக்கு ஒருதரம் என் தம்பிக்குச் சொல்லுகிறாள். அவன் துறைக்குப் போய் ஒரு சுருட்டைப் பற்றிவிட்டு இராச்சோற்றுக்கு வந்துவிடுவான். நீங்கள் ஒருவர்தான் அதைத் திணைக்களத்திலிருந்து வந்த கட்டளைபோல எடுத்து அரைவருடமாக நிறைவேற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதனால் நான் உங்களை வரச்சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

வேறு ஒரு விசயம். உங்கள் மண்மூட்டை இங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. நேற்று இயக்கப் பொடியன்கள் இரண்டுபேர் வந்தார்கள். "அம்மா, உங்கட ஐயா ஆமிக்குப் பங்கர் அடிக்கிறாரோ?" என்று கேட்டார்கள். கோழிக்கூடு வைக்கவே என்னிடம் மூன்றுதரம் கேட்டவர் அவர், பங்கர் அடிக்கமாட்டார் என்றேன். ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. இன்னொருதரம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

அதை எடுத்துவிடுங்கள். இறால் போனால் போகட்டும்.

சீதேவி


எழுவான்கரை
22.10.1997

அன்புள்ள சீதேவிக்கு,

நான் எடுக்கவில்லை, ஆமிக்காரர்கள் எடுத்துவிட்டார்கள்.

உன் கடிதம் கிடைப்பதற்கு முதல்நாள் முகாமிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். வாவிப் பக்கமாக மண்மூட்டை அடுக்கியிருக்கிறது, யார் இருந்து யாரைச் சுட என்று கேட்டார்கள். எனக்குச் சிங்களம் ஓடவில்லை. அதிகாரியிடம் ஒரு தாள் வாங்கி, நிலத்தின் சரிவையும் தண்ணீர் ஓடும் வழியையும் கீறிக் காட்டினேன். தண்ணீர் போகும் பக்கத்துக்கு அம்புக்குறியும் போட்டேன். அவன் இளம் ஆள். தாளை நெடுநேரம் பார்த்தான். "இந்தச் சண்டைக்குள் உனக்குச் சேறுதான் கவலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். ஓம் என்றேன். அது துணிச்சல் என்று நினைக்காதே. அந்த நேரத்தில் வேறு பதில் வரவில்லை.

பின்னேரம் விட்டுவிட்டார்கள். வந்து பார்த்தால் மூட்டைகளைக் கீறி மண்ணை அந்த இடத்திலேயே கொட்டிவிட்டு, வெறும் பைகளைத் தங்கள் பங்கருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எடுத்து வைத்த மண்ணெல்லாம் இப்போது தண்ணீரின் விளிம்பில் கிடக்கிறது. முன்பு இருந்ததைவிட மோசம். ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாமோ என்று இராத்திரி முழுவதும் யோசித்தேன்.

கார்த்திகை மழை இன்னும் வரவில்லை. அது வந்தால் குவியல் முழுவதும் உன் துறைக்கு வரும். விட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்கிறார் அருமைநாயகம். வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் நான் போனால் தண்ணீரைப் பார்க்க இங்கே ஒருவரும் இல்லை.

கோபத்தைப் பற்றி எழுதியிருந்தாய். எல்லா வீட்டிலும் சொல்லும் வார்த்தை என்பது எனக்குத் தெரியாது. வேலைக்காலம் முழுவதும் குளக்கட்டுகளில் கூடாரம் அடித்து இருந்தவன் நான். ஒரு வீட்டில் கோபம் எப்படி வந்து எப்படிப் போகும் என்று இருந்து பார்த்துப் பழகவில்லை. புஸ்பம் கேட்டபோது நான் ஏன் உடனே பெட்டி கட்டினேன் என்றும் யோசித்தேன். வெகுநாளைக்குப் பிறகு ஒருவர் என்னை ஓவசியர் ஐயா என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

விடிய உங்கள் துறையில் பெண்கள் இறங்குவது இங்கிருந்து புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது. உன்னை அடையாளம் காண முடியவில்லை. அதனால் எல்லாப் புள்ளிகளையும் பார்க்கிறேன்.

கோணாமலை


படுவான்கரை
28.10.1997

மச்சானுக்கு,

முகாமில் உங்களுக்கு அடித்தார்களா? அடிக்கவில்லை என்று புஸ்பம் சத்தியம் பண்ணினாள். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மண்மூட்டை என்றால் இரண்டு கரைக்கும் பயம். வைக்கலுக்கு யார் பயப்படுவார்? வெல்லாவெளிப் பக்கத்து எங்கள் வயல்வட்டையில் சிறுபோக வெள்ளாமை வெட்டிச் சூடடித்த வைக்கல் மழைக்கு நனையாமல் கும்பியாகக் கிடக்கிறது. வயலில் வக்கடையை வெட்டித் தண்ணீரை வெளியே விடும்போது, மண் போகாமல் இருக்க வாயில் ஒரு பிடி வைக்கலைத் திணித்து மிதித்துவிடுவோம். தண்ணீர் வடியும், மண் நின்றுவிடும். உங்கள் கரைக்கும் அது சரிவருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் ஓவசியர் இல்லை.

நீங்கள் யோசித்து முடிக்கும் முன் மழை வந்துவிடும் என்பதால் தம்பி இளையதம்பியிடம் தோணியில் ஏற்றச் சொல்லிவிட்டேன். பொடியன்களிடமும் கேட்டாயிற்று. எதை அக்கரைக்குக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று அவர்களிடம் சட்டம் இருக்கிறது. வைக்கல் எதிலும் இல்லையாம். போன தரம் சிரிக்காதவனே வந்து, "அம்மா, இது மாட்டுக்கா?" என்றான். இறாலுக்கு என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். தோணி நாளை விடிய வெளிக்கிடுகிறது.

நான் மற்றப் பெண்களோடு நிற்பதில்லை. வடக்குக் கடைசியில் தனியாக நிற்பது நான்.

சீதேவி


எழுவான்கரை
18.11.1997

அன்புள்ள சீதேவிக்கு,

முகாமில் அடிக்கவில்லை. கதிரைகூடத் தந்தார்கள். எழுத மறந்தது என் பிழை.

பாதைப் படகு ஓடாததால் இந்தக் கடிதம் பிந்துகிறது. வைக்கல் வந்தது. துறையில் ஆமிச் சென்றிக்காரர்கள் ஒவ்வொரு வைக்கல் கட்டையும் நீளக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். இளையதம்பி அசையாமல் நின்றார். கடைசியில் ஒருவன் எங்களுக்கு மாடு எத்தனை என்று விசாரித்தான்.

வைக்கலைத் தடித்த திரணைகளாகக் கட்டி, கரைக்குச் சமாந்தரமாகச் சிறு பள்ளம் வெட்டி, அதில் பாதி புதையும்படி வைத்து, இடைவெளி விடாமல் முளை அடித்தோம். புதைக்காவிட்டால் தண்ணீர் அடியால் போய்விடும். கரையில் சிந்திக் கிடந்த மண்ணை அசனாரின் ஆட்கள் அள்ளி மேலே கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு மழை வந்தது. மூன்றாம் நாள் ஒரு இடத்தில் உடைத்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டினேன். மற்ற இடங்களில் வைக்கலுக்கு இந்தப் பக்கம் சேறு தங்கி நின்றது. அந்தப் பக்கம் வடிந்த தண்ணீர் முழுத் தெளிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் கையை விட்டால் விரல் தெரிந்தது.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காசு தரும் உதவி நிறுவனத்து ஆட்கள் கட்டடம் பார்க்க வருவதாக அறிவித்திருந்தார்கள். அத்திவாரக் குழிகளில் சேற்றுத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அவர்கள் வருமுன் இறைத்துவிட வேண்டும் என்று அருமைநாயகம் நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து, குழாயை வைக்கலுக்கு மேலாகப் போட்டு வாவிக்குள் விட்டார். அந்தக் குழியில் இருந்தது ஒரு மாதச் சேறும் சீமெந்தும். வைக்கலுக்கு இப்பால் நான் வெட்டியிருந்த தெளிகுழிக்கு விட்டு, சேறு அடங்கியபின் வடித்தால் பின்னேரம் ஆகும், அவ்வளவுதான் என்றேன். "நீங்க இளைப்பாறின ஆள். போய் நிழல்ல இருங்க" என்றார்.

நான் போய்க் குழாயின் மேல் இருந்துவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. அருமைநாயகம் எழும்பச் சொன்னார். நான் எழும்பவில்லை. வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இயந்திரத்தை முடுக்கும் கயிற்றைக் கையில் வைத்திருந்த அசனார் அதைக் கீழே போட்டார். "ஐயா எழும்பட்டும். மறுகா இழுப்பம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

கடைசியில் தெளிகுழி வழியாகவே இறைத்தார்கள். நிறுவனத்து ஆட்கள் வந்தபோது குழிகளில் இன்னும் பாதித் தண்ணீர் கிடந்தது. சுவர் எப்போது எழும்பும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அருமைநாயகம் என்னை வேலையால் நிறுத்தவில்லை, ஆனால் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. செய்தது சரியா, சீதேவி?

வடக்குக் கடைசிப் புள்ளியைப் பார்த்தேன். மழை நாட்களில் நீ இறங்குவதில்லை என்பதும் தெரிந்தது.

கோணாமலை


படுவான்கரை
24.11.1997

மச்சான்,

சரிதான். சரிதான் என்று இந்தத் தாள் முழுவதும் எழுதலாம்.

துறைத் தண்ணீர் மழைத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது. இறால் இன்னும் பழையபடி இல்லை. இருந்தாலும் பிடிபடுவது உயிரோடு துள்ளுகிறது. நீங்கள் குழாயின் மேல் இருந்த கதையைப் புஸ்பம் உங்கள் கடிதத்தை நீட்டுமுன்னமே சொல்லிவிட்டாள். அவள் சொன்னபடி நீங்கள் கொந்திராத்துக்காரரின் கன்னத்தில் அறைந்திருக்கிறீர்கள். நான் திருத்தவில்லை. அன்னப்பூரணி அதற்குப் பிறகு உங்களைப் பற்றி வாயே திறக்கவில்லை.

சித்திரையில் சொன்ன சொல்லை நான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் எழுத்தில் கிடைத்தால்தான் நம்புகிறவர், அதனால் எழுதுகிறேன். வாருங்கள். அடுத்த பாதைப் படகிலேயே வாருங்கள். இரவில் மழைச் சத்தம் கேட்டால் நீங்கள் வெளித்திண்ணையில் இருமுவதுபோல இருக்கிறது. எழும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

சீதேவி


எழுவான்கரை
01.12.1997

அன்புள்ள சீதேவிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். உன் கடிதம் கிடைத்ததும் பெட்டியை எடுத்து வைத்தேன். பிறகு வெளியே போய்க் கரையைப் பார்த்தேன்.

வைக்கல் அழுகத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் தங்கிய சேற்றை அள்ளி, நைந்த திரணையை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் இதுவரை பிடித்து வைத்ததெல்லாம் ஒரே இரவில் போய்விடும். வெறும் நிலம் முழுவதும் புல் பதிக்க வேண்டும். வேர் ஓடிவிட்டால் பிறகு ஒருவரும் காவல் இருக்கத் தேவையில்லை. அது முடியத் தை பிறந்துவிடும். நான் வெளிக்கிட்டால் அன்றைக்கே அருமைநாயகம் வைக்கலைப் பிடுங்கி எறிவார்.

அசனாரிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டேன். சுவர் எழும்பியதும் அவர் வேறு வேலைக்குப் போகிறார்.

உன் கோபம் நியாயம். சித்திரையில் செய்ததையே திரும்பச் செய்கிறேன் என்பாய். அப்போது போக விருப்பப்பட்டுப் போனேன். இப்போது வர விருப்பப்பட்டு நிற்கிறேன். இதற்கு மேல் விளங்கப்படுத்தத் தெரியவில்லை.

கோணாமலை


படுவான்கரை
06.12.1997

மச்சான்,

கடிதத்தை வாசித்தவுடன் அடுப்பில் போடப் போனேன். அடுப்பு எரியவில்லை, விறகு ஈரம். அதனால் இன்னொருதரம் வாசித்தேன்.

வியாழக்கிழமை இளையதம்பி இரண்டாம் தரம் வைக்கல் ஏற்றுகிறான். வயல் வரம்பிலிருந்து அறுகம்புல்லையும் வேர் மண்ணோடு வெட்டி ஈரச்சாக்கில் கட்டியிருக்கிறேன். அதோடு நானும் வருகிறேன்.

என் அம்மாவோ அவளுடைய அம்மாவோ ஒருவரும் தங்கள் வீட்டை விட்டுப் புருசன் இருக்கும் இடத்துக்குப் போனதில்லை. அன்னப்பூரணி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "புரிசன்ட ஊட்டுக்குப் போற மட்டக்களப்பாள உங்களத்தான் கண்டன், மச்சாள்" என்கிறாள். அவருக்கு வீடு எங்கே இருக்கிறது, கொட்டில்தானே என்றேன். சிரித்தபடியே வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள். மாடு கன்றும் அவள் பொறுப்பு.

அறுபத்தொரு வயதில் ஒரு மனிதர் மழைக்குள் வைக்கல் புரட்டிக்கொண்டிருக்கிறார், நான் இங்கே ஓட்டுக்குக் கீழே படுத்திருக்கிறேன். எனக்கு நித்திரை வருவதில்லை. அதுதான் காரணம். இறாலுக்காக என்று ஊரில் சொல்லியிருக்கிறேன்.

அரிசி கொண்டுவருகிறேன். உங்கள் கொட்டிலில் அடுப்பு எந்தப் பக்கம்? வாவிக் காற்று முகத்தில் அடிக்கும் பக்கம் என்றால் மாற்றி வையுங்கள்.

சீதேவி


எழுவான்கரை
09.12.1997

சீதேவி,

இதைக் கொண்டுவரும் புஸ்பம் பாதைப் படகுக்கு அவசரப்படுகிறாள். கொட்டிலில் அடுப்பே இல்லை. இவ்வளவு நாளும் அசனாரின் ஆட்களோடு சாப்பிட்டேன். இன்று மூன்று கல் வைத்து, காற்றுப் பக்கம் தகரம் ஒன்றை மறைப்பாக நிறுத்தியிருக்கிறேன். உயரம் போதுமா என்று தெரியவில்லை. நீ வந்து பார்த்துச் சொன்னால் மாற்றலாம்.

அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திரு. கேட்கும்போது சேலைத் தலைப்பில் தேடிக்கொண்டு நிற்காதே.

வியாழக்கிழமை விடியவே துறையில் நிற்பேன். உன்னைக் கண்டதும் என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வாயில் வருமோ தெரியாது. வராவிட்டால் நீயே கதையைத் தொடங்கு.

கோணாமலை